கும்பெனியும் கம்பெனியும்

வேலூரிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் கண்ணமங்கலம் கடந்து, சந்தவாசலை அடைந்து, மேற்கே திரும்பினால் சவ்வாது மலையின் அடிவாரத்திலே படவேடு இருக்கிறது. வாழைத் தோட்டங்களும், கமண்டல நதியின் நீர்த்தடமும், மலைச்சரிவிலே சிதறிக் கிடக்கும் பழங்கோயில்களும் கண்ணுக்கு விருந்து. ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகின்ற கூட்டம் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடும். ஊரின் பெயரை நின்று நினைத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. படைவீடு என்பதுதான் அதன் பழம்பெயர். படை தங்கிய வீடு, பாசறை. சோழப் பேரரசு சாய்ந்த காலத்தில் தொண்டை நாட்டின் இப்பகுதியிலே தலைநிமிர்ந்த சம்புவராயர்களின் கோநகர். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் படைநடத்தி வந்து சம்புவராயனை வென்றான். வென்றவனும் பெயரை மாற்றவில்லை. படைவீட்டு இராச்சியம் என்று ஒரு மாகாணமே அதன்பின் விசயநகர ஆட்சியில் வழங்கிற்று. (அந்த இராச்சியத்துப் பார்ப்பனர் அனைவரும் கூடி, திருமணத்தில் பெண்ணுக்காகப் பொன் கொடுப்பதும் கூடாது, வாங்குவதும் கூடாது என்று கட்டுப்பாடு செய்துகொண்ட செய்தி விரிஞ்சிபுரம் கல்வெட்டிலே இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.) மன்னர் மறைந்தனர், மதில் சரிந்தது, மக்கள் நாவிலே தேய்ந்து தேய்ந்து படைவீடு படவேடு ஆயிற்று. ஊரிலிருந்து படை போயிற்று. பெயரில் மட்டும் அதன் தழும்பு நிற்கிறது.

சொற்களிலே தழும்பு தேடுவது நமக்குப் பழக்கம். ஆரணிப் பட்டின் தறிகளைக் காணவேண்டுமென்று அப்பக்கம் சென்ற நாம், ஒரு விடியற்காலையில் சாலையோரத்திலே நின்றோம். பனி விலகாத நேரம். கையில் சோற்றுப் பாத்திரப் பையுடன் இளம்பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தனர். வழியனுப்ப வந்த மூதாட்டி ஒருவரை, "பாட்டி, இந்நேரத்தில் இவர்களெல்லாம் எங்கே போகிறார்கள்?" என்று கேட்டோம்.

"கம்பினி வண்டி வரும் ஐயா. எம் பேத்தி கம்பினிக்குப் போவுது. ரெண்டு வருசமா போவுது" என்றார்.

செய்யாற்றுச் சிப்காட்டிலே காலணி செய்யும் தொழிற்சாலைக்குத்தான் அந்தப் பெண்கள் செல்கிறார்கள் என்பது பின்னர்ப் பேச்சில் விளங்கிற்று. மூதாட்டியோ வாழ்நாளெல்லாம் பட்டு நூலுக்குத் தார் சுற்றியவர். அவர் சொன்ன 'கம்பினி' என்ற ஒலி நம் செவியிலே நின்றுவிட்டது. படித்தவர் கம்பெனி என்பர். பள்ளிப் புத்தகம் கும்பெனி என்னும். இவ்விரண்டுக்கும் நடுவிலே, எழுத்தறியாத அந்த மூதாட்டியின் நாவிலே, முந்நூறு ஆண்டு வரலாறு ஒரே ஒலியாக உறைந்து கிடக்கக் கண்டோம். அந்தச் சொல்லின் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

ஆங்கிலச் சொல்தான், ஆனால் ஆங்கிலேயரும் அதைக் கடன் வாங்கியவரே. இலத்தீனிலே 'கொம்' என்றால் கூட. 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் எவனோ அவன் தோழன். அப்படிப்பட்டோர் கூடிய கூட்டம் கம்பெனி. பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது நட்பு, துணை, விருந்தினர் கூட்டம், படைப்பிரிவு, கூத்தாடுவோர் குழு என்று பல பொருள் பெற்றது. வணிகர் கூட்டு என்ற பொருளும் அவற்றுள் ஒன்று. மற்றவற்றையெல்லாம் விழுங்கி வளர்ந்த ஒன்று. ஒருவரோடு ஒருவர் அமர்ந்து உண்பதுதான் அதன் கரு என்பதை மட்டும் வாசகத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

கூடி வாணிகம் செய்வது தமிழனுக்கு எவனும் வந்து கற்பித்த வித்தையன்று. வணிகர் கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர் வைத்தவன் தமிழன். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்னும் பெயரிலேயே அந்தச் சாத்து இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்று வணிகக் குழுக்கள் கடல் கடந்தும் கல்வெட்டுப் பொறித்தன. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849ஆம் ஆண்டினது. அதிலே மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் காணப்படுகின்றன. சயாம் நாட்டுத் தக்குவாபாவில் மணிக்கிராமத்தின் பெயர் தமிழ்க் கல்வெட்டில் நிற்கிறது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் கல் நாட்டினர். இவர்களிடம் வீரர்களும் இருந்தனர். எறிவீரப்பட்டினம் என்று வணிகரும் வீரரும் சேர்ந்து காத்த ஊர்களும் இருந்தன. ஆகவே, வாளும் துலாக்கோலும் ஒரே கையில் இருந்ததே கிடையாது என்று நாம் பழம்பெருமை பேசப் போவதில்லை. ஆனால் ஐந்நூற்றுவர் எந்த நாட்டிலும் அரியணை ஏறி அமர்ந்ததாகக் கல்வெட்டு இல்லை. அந்த வேலையைச் செய்து காட்டியது கும்பெனி.

1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் எலிசபெத் அரசி இலண்டன் வணிகர்க்குப் பட்டயம் அளித்தாள். 1602இல் ஒல்லாந்தர் கும்பெனி. 1616இல் டேனியர் கும்பெனி. 1664இல் பிரெஞ்சுக் கும்பெனி. ஒருவர் பின் ஒருவராக நம் கரைக்கு வந்தனர். எதற்கு வந்தனர்? மிளகுக்கு என்று பள்ளியிலே சொல்லிக்கொடுத்தனர். சோழமண்டலக் கரையைப் பொறுத்தவரை துணிக்கு வந்தனர். 1639இல் பிரான்சிஸ் டே சென்னையின் மணல்மேட்டைத் தேர்ந்ததற்குச் சொன்ன காரணங்களுள் முதன்மையானது, அங்கே துணி மலிவு என்பது. அலைமோதும் அந்தக் கரையிலே கப்பல் நிற்கத் துறைமுகம் கிடையாது, தறி இருந்தது. தறிக்காகக் கோட்டை எழுந்தது.

சென்னை நகரைச் சுற்றிப் பாருங்கள். கும்பெனிக்குத் துணி வெளுத்தவர் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. கவர்னர் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய இடம் காலெட் பேட்டை; நம் நாவிலே அது காலாடிப்பேட்டை. 1734இல் நூற்போர், நெய்வோர், வெளுப்போர் ஆகியோருக்கென அமைத்த குடியிருப்பு சின்னத்தறிப்பேட்டை. அதைத்தான் இன்று சிந்தாதிரிப்பேட்டை என்கிறோம். பேருந்தின் நெற்றியிலே அந்தப் பெயரை நாள்தோறும் படிப்போரில், அதனுள்ளே ஒரு தறி ஒளிந்திருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? படைவீடு படவேடு ஆனதுபோலத்தான் இதுவும்.

அக்காலத் தமிழர் அந்த வணிகக் கூட்டத்தை எப்படி அழைத்தனர்? கும்பெனி, கும்பினி என்றனர். புதுச்சேரியிலே பிரெஞ்சுக் கும்பெனியின் துபாசியாக விளங்கி, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏட்டிலே அந்தப் பெயர் ஓயாமல் வருகிறது. அந்த 'கும்' எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயன் வாயிலிருந்து வந்த ஒலியாக அது தெரியவில்லை. முதலில் வந்த போர்த்துக்கேசியர் 'கும்பாஞியா' என்ற ஒலிப்படச் சொல்லுவர். அந்த வழியிலோ, பிரெஞ்சுக்காரர் வழியிலோ கும்பெனி வந்திருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆங்கிலக் கல்வி பரவிய பிறகுதான் கம்பெனி என்று நாவு திருந்திற்று. ஆகவே இரண்டு சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு வேறு கப்பலில் வந்தவை.

ஒலியைவிட விந்தையானது ஒன்று உண்டு. இலண்டனிலே ஒரு தெருவில் ஒரு மாளிகை. அதிலே 24 இயக்குநர். அவர்களுக்குப் பின்னே பங்கு வாங்கிய கூட்டம். இதுதான் கும்பெனி. நம் மக்களோ அதனை ஓர் ஆள் என்று எண்ணினர்! கும்பெனியார் என்று 'ஆர்' விகுதி சேர்த்து மரியாதை கொடுத்தனர். வடக்கே 'கும்பெனி பகதூர்' என்று பட்டமே சூட்டினர். முகம் இல்லாத முதலாளியை முதன்முதலில் கண்ட மக்கள், அதற்கு ஒரு முகம் கற்பித்துக்கொண்டனர். வரி கேட்பவன் எவனாக இருந்தாலும் அவன் அரசன்தானே என்ற பட்டறிவு அவர்களுடையது.

அந்த அரசு எப்படி வந்தது என்பதற்கு ஆரணியே சாட்சி. 1751ஆம் ஆண்டு ஆர்க்காட்டுக் கோட்டையிலே கிளைவ் முற்றுகைக்கு உள்ளாகி 50 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்தான். நவம்பரில் முற்றுகை விலகியதும் முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பகைவரைத் துரத்தி வந்து, டிசம்பர் 3ஆம் நாள் ஆரணியிலே ராஜா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் முறியடித்தான். 1782 ஜூன் 2ஆம் நாள் அதே ஆரணியருகில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினர். கும்பெனியின் கம்பெனிகள்—நூறு பேர் அளவான படைப்பிரிவுக்கும் அதே பெயர்தான்—ஆரணிச் சீமையிலே அணிவகுத்தன. வணிகக் கூட்டு என்ற பொருளும் படைப்பிரிவு என்ற பொருளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்ட காட்சி அது.

ஆர்க்காட்டு முற்றுகையைப் பற்றி மெக்காலே 1840இல் எழுதிய கிளைவ் கட்டுரையிலே ஒரு கதை வருகிறது. கோட்டைக்குள் உணவு குறைந்தபோது நாட்டுச் சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை வெள்ளையருக்கே கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். இது நடந்ததா, பின்னர் இட்டுக்கட்டியதா என்று ஆய்வாளர் ஆராயட்டும். மெக்காலே இதனை விசுவாசத்தின் சிகரம் என்று வியந்து போற்றினார். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் கூட்டம் என்று பொருள்படும் பெயரைச் சூடிய ஓர் அமைப்பிலே, ஒருவனுக்குச் சோறு, ஒருவனுக்குக் கஞ்சித்தண்ணீர்! சொல்லின் பொருளைத் தலைகீழாக்கிக் காட்ட இதைவிடச் சிறந்த கதையை எந்தப் புலவனும் புனைய முடியாது.

சிப்பாய்க்குக் கஞ்சி என்றால் நெசவாளிக்கு என்ன? இங்கே சற்று நின்று பேசத்தான் வேண்டும். கும்பெனி துணி வாங்கியது முன்பணம் கொடுத்து. அது கும்பெனி கண்டுபிடித்த முறையன்று; முன்பே இருந்ததுதான். ஆனால் அந்த முறையிலே நெசவாளிக்கு ஓர் உரிமை இருந்தது. விலை கட்டாது என்றாலோ, வேறொருவர் கூடுதலாகக் கொடுத்தாலோ, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வணிகனுக்கு அந்த உரிமை கிடையாது. கொடுமை பொறுக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த சீமைக்குப் போகலாம். நெசவாளி வந்தால் ஏற்றுக்கொள்ள அங்கே ஒரு பாளையக்காரன் காத்திருப்பான். பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதனை விரிவாக எடுத்துக்காட்டுகிறது. கும்பெனி அரசு ஆனவுடன் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடையில் நின்ற வணிகரை விலக்கிவிட்டுத் தன் ஆட்களையே நெசவூர்களுக்கு அனுப்பிற்று. வாங்குபவனே நீதிபதி, கடன் கொடுத்தவனே காவல்காரன். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் உரிமை போயிற்று. 1801இல் கருநாடகம் முழுதும் கும்பெனி ஆட்சிக்குள் வந்தபோது ஓடிப்போக அடுத்த சீமையும் இல்லாமற் போயிற்று. துணி விற்கத் தெரிந்த நெசவாளி, கூலிக்கு நெய்பவனாகக் குறைந்த கதை இதுதான்.

இங்கிலாந்தோ நம் அச்சடித்த துணிக்கு 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடை விதித்தது. 1813இல் கும்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் போயிற்று. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வாணிகத்தையே கைவிட்டது. வணிகம் செய்யாத வணிகக் கும்பெனி! பெயர் கும்பெனி, தொழில் வரி வாங்குதல். தறிமேல் வரி, அதற்கு மொத்துர்ப்பா என்று பெயர், 1860களின் தொடக்கம் வரை தொடர்ந்தது. (தறி இறை சோழர் கல்வெட்டிலும் உண்டு, அதையும் மறைக்கவேண்டாம்.) மான்செஸ்டர் துணி வந்து குவிந்தது. ஆரணியின் மெல்லிய மஸ்லின் ஒரு காலத்தில் கண்ணாடிபோல் இருக்கும் என்று பெயர் பெற்றது. இன்று ஆரணி என்றால் பட்டுதான், மஸ்லினை அறிந்தவர் அருகிவிட்டனர்.

ஆங்கிலத்திலே கம்பெனி என்பதைச் சுருக்கி எழுதும்போது 'கோ' என்பர். கடைப் பலகைகளில் 'அண்டு கோ' என்று நாம் படிக்கிறோமே, அதுதான். கோ என்றால் தமிழிலே அரசன். எந்த இலக்கணப் புலவனும் திட்டமிடாமலே இந்தப் பொருத்தம் வாய்த்தது! 1858இல் அந்தக் கோவிடமிருந்து ஆட்சி விக்டோரியாவுக்குப் போயிற்று. 1874 ஜூன் முதல் நாள் கும்பெனி சட்டப்படி கலைந்தது.

அமைப்பு மாண்டது. சொல் சாகவில்லை. அதன் இரண்டாவது பிறவிதான் சுவையானது. ஏனெனில் இம்முறை சொல்லை எடுத்தாண்டவர் தமிழர்.

1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. கும்பெனியின் ஆயுதத்தையே எடுத்து வெள்ளையனோடு பொருதிய முதல் தமிழ்க் கம்பெனி என்று அதைச் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. எதிரிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைந்தது. செக்கிழுத்ததை நாம் மறக்கவில்லை. பங்கு வாங்கியவர்கள் பலர் பின்வாங்கியதையும் மறக்கக்கூடாது. பங்கு என்ற சொல் இருக்கிறதே, அதுவும் வம்புக்காரச் சொல்தான். ஆங்கிலேயனுக்கு ரொட்டியைப் பகிர்பவன் தோழன். தமிழனுக்குப் பங்கைப் பகிர்பவன் பங்காளி. பங்காளிக் காய்ச்சல் என்ற நோய்க்கு நம் ஊரிலே மருந்தில்லை என்பது யாவரும் அறிந்தது.

அதே காலத்திலே நாடக மேடையில் கம்பெனி குடியேறிற்று. சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் சிறுவர்களைக் கொண்டு நடந்த குழுக்களைப் 'பாய்ஸ் கம்பெனி' என்றே மக்கள் அழைத்தனர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலே சிறுவனாகச் சேர்ந்தவர்தான் பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். வறுமையில் வாடிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பெனி என்றால் இரண்டு வேளைச் சோறு; கூத்து அதற்கு அடுத்ததுதான். இலத்தீன் அறியாத அந்தச் சிறுவர்களிடம் சொல்லின் பழைய பொருள் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. கம்பெனியிலே ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள்.

அப்படி ஒரே பந்தியில் உட்காருவது அன்றைய தமிழ்நாட்டிலே எளிய செயலா? சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலே, நாட்டு மக்கள் பொதுப்பணம் கொடுத்து வளர்த்த குருகுலத்திலே, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாக உணவிட்டனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரியாரும் வரதராசுலுவும் அதைக் கேள்வி கேட்டபோது நாடே கொந்தளித்தது. இரயில் நிலையத்து உணவு விடுதிகளிலே 'பிராமணாள்' என்றும் 'இதராள்' என்றும் இடம் பிரித்திருந்தது 1941இல்தான் ஒழிந்தது. ஒரே வண்டியில் நெருக்கியடித்துப் பயணம் செய்யலாம். இறங்கி ஒரே அறையில் இட்டலி தின்னக்கூடாது! கூட உண்பவனே கூட்டாளி என்ற கருத்துக்கு இந்நாட்டில் சொல்லால் பஞ்சமில்லை. இலை போடும்போதுதான் பஞ்சம் வந்தது.

இன்று இந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. பீடிக் கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி, சினிமாக் கம்பெனி, சீட்டுக் கம்பெனி. நான்கு பேர் கூரைக்கடியில் உட்கார்ந்து எதைச் செய்தாலும் கம்பெனி. கடைக்காரன், "இது கம்பெனி ஐட்டம் அண்ணே, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றால் போலியன்று என்று பொருள். பணத்தை இரட்டிப்பாக்கித் தருவோம் என்று சொல்லி ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவானே, அவனைப் பற்றி, "கம்பெனிக்காரன் ஓடிவிட்டான்" என்பர். அங்கே முழுப் போலி என்று பொருள். ஒரே சொல் உண்மைக்கும் பொய்க்கும் முத்திரை! "தனியாகப் போகிறேன், ஒரு கம்பெனி கொடு" என்று நண்பனை அழைப்பதும் உண்டு. தேநீர்க்கடை வாயிலில் அந்த அழைப்பைக் கேட்கும்போது, ஆங்கிலத்தின் முதற்பொருள் வணிகத்தின் இரும்புப் பிடியிலிருந்து தப்பித்து நம் இளைஞர் வாயிலே உயிர்த்திருப்பதாக நமக்குத் தோன்றும். வேலைக்குப் போகும் இடம் எதுவாயினும் கம்பெனி. ஆனால் அரசு அலுவலகம் ஒருநாளும் கம்பெனி ஆகாது, அது ஆபீசுதான். மக்கள் மனத்திலே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆபீசிலே இருப்பவனை எளிதில் நீக்க முடியாது. கம்பெனியிலே, நாளைக்கு வராதே என்றால் வராதேதான்.

தனித்தமிழ் அன்பர்கள் இதைக் களையவேண்டும் என்பர். நிறுவனம், குழுமம் என்று எழுதவேண்டும் என்பர். எழுதட்டும், நாமும் ஏட்டிலே நிறுவனம் என்று எழுதுவோம். ஆனால் கும்பெனி ஆட்சி என்பதை நிறுவன ஆட்சி என்று மாற்றினால், வரலாற்றின் வடு மறைந்துவிடும். வேட்டையாடிய விலங்கின் பெயரை அடையாளத்துக்காவது வைத்துக்கொள்ளவேண்டாமா?

ஆரணிப் பக்கத்திலே தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று தறியோசை கேட்கும் ஊர்கள் பல. அங்கே கம்பெனி என்ற சொல்லைத் தறி முதலாளிக்கு யாரும் வழங்குவதில்லை. மாஸ்டர் வீவர் என்பர், சுருக்கமாக முதலாளி என்பர். பாவு, ஊடைப்பட்டு, ஜரிகை எல்லாம் எடை போட்டு அவர் தருவார். குழித்தறியிலே கால் தொங்கவிட்டு அமர்ந்து நெய்து, சேலையை எடை போட்டுத் திருப்பித் தரவேண்டும். கூலி சேலைக்கு இவ்வளவு. திருமணத்துக்கும் மருந்துக்கும் முதலாளியிடமே அட்வான்ஸ். அந்த அட்வான்ஸ் கணக்குத் தீரும்வரை வேறு முதலாளியின் பாவைத் தறியில் ஏற்ற முடியாது. கும்பெனி என்ற பெயர் போயிற்று. கும்பெனியின் முன்பணம் போகவில்லை. நாம் பார்த்த தறிக்காரர் ஒருவர், "அப்பா வாங்கின அட்வான்ஸ் நான் நெய்து கழித்தேன் ஐயா" என்றார். தறியை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னார்.

இதற்கு மாற்றாகக் கண்ட வழிதான் கூட்டுறவு. 1935இல் தோன்றிய மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே இன்றைய கோ-ஆப்டெக்ஸ். அங்கும் ஒரு கோ! இந்தக் கோ நெசவாளியையே பங்குதாரன் ஆக்க முயன்றது. எத்தனையோ சங்கங்கள் நன்றாக நடந்தன. சில, பெயருக்கு நடந்து முதலாளிகளின் கைக்கே போயின. 1950களின் தொடக்கத்திலே தறிகள் நின்று நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் வீழ்ந்தபோது ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டி திறந்தனர். நெசவுக் குடும்பத்திலே பிறந்த அண்ணா 1953இல் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து திருச்சித் தெருக்களில் விற்றார். கஞ்சித்தொட்டியின் முன் பாத்திரம் ஏந்தி நின்றவர்களில், கும்பெனிக்கு நெய்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் எத்தனை பேரோ!

இந்த நினைவுகளோடு படவேட்டிலே அன்று மாலையும் அதே சாலையோரத்துக்கு வந்தோம். வண்டி வந்து நின்றது; பெண்கள் இறங்கினர். காலையிலே கண்ட மூதாட்டி பேத்தியின் பையை வாங்கிக்கொண்டு, "இவங்க உன்னைப் பத்திக் கேட்டாங்கடி" என்று நம்மைக் காட்டினார். தறியிலே உட்கார மனமில்லையா என்று அந்தப் பெண்ணைக் கேட்டோம்.

"தறியிலே அட்வான்ஸ் கட்டணும் ஐயா. கம்பெனியிலே மாசம் பொறந்தா பேங்குலே பணம் ஏறிடுது" என்றாள். நிற்பதிலே கால் கடுக்கிறது, ஒரு நாள் வராவிட்டால் பிடித்துக்கொள்கிறார்கள், திருமணம் ஆனால் அனுப்ப மாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"சாப்பாடு?"

"எடுத்துட்டுப் போறதுதான். எல்லாரும் ஒண்ணா குந்தித்தான் சாப்புடுவோம். அவ கொழம்பு எனக்கு, எங்க ஊட்டுக் கூட்டு அவளுக்கு. அங்கே யாரு எந்தத் தெருன்னு யாரு கேக்கறாங்க?"

பேசிக்கொண்டே நான்கு பெண்களும் ஒன்றாக நடந்தனர். புளியமரத்தடியிலே பாதை பிரிகிற இடம் வந்தது. மூவர் ஊருக்குள் திரும்பினர். நான்காவது பெண், காலிப் பாத்திரப் பையை வீசி வீசி, ஏரிக்கரைப் பக்கமாகத் தனியே போனாள்.